ஒன்பதாவது டீயில் என் டூ அயர்ன்

என் வீட்டுக்காரர் யாரையும் லேசில் பாராட்டிவிட மாட்டார். காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். நூற்றுக்கு அறுபது போட்டாலே கை தாராளமாகிவிட்டதோ என்று கவலைப்படுகிற ரகம். குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார், அதுதான் சர்டிபிகேட். நானும் கான்வென்ட் ஸ்கூலில் கணக்கு டீச்சர் என்பதால் இதெல்லாம் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் உறைத்தது. அது கோல்ஃப்.

திருச்சியில் கோல்ஃபா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பொன்மலைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட ஒன்பது குழி மைதானம் ஒன்று இருந்தது. அவர்கள் கப்பலேறிய பிறகு ஆட ஆள் போதவில்லை. ஐம்பதுகளின் நடுவில் காலேஜ் வாத்தியார், டாக்டர், வக்கீல் என்று வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மன்னார்புரத்தில் எங்கள் வீடு, சைக்கிளில் போகிற தூரம்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மனைவிக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்றதும் என் பெயரையும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவேன் என்று நினைத்திருப்பார் போல. திருச்சியில் ஸ்வெட்டரை யார் போடுவது? இரண்டே வாரத்தில் நானும் மைதானத்தில் இறங்கிவிட்டேன்.

மைதானம் என்றவுடன் பசேலென்று கற்பனை செய்துவிட வேண்டாம். சித்திரையில் தரை சுட்ட செங்கல் மாதிரி கிடக்கும். பந்து விழுந்தால் டங்கென்று சத்தம் கேட்கும். குழியைச் சுற்றியுள்ள வட்டத்துக்குக் கிரீன் என்று பேர். எங்கள் ஊர் கிரீன் கறுப்பு. மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து தட்டி வைத்திருந்தார்கள். அது புடவைக் கரையில் பட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. எனக்குக் கோல்ஃபுக்கென்றே மூன்று கைத்தறிச் சேலைகள் இருந்தன, மூன்றிலும் கரையோடு இன்னொரு கறுப்புக் கரை.

எனக்கு மட்டை கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். கடைசியாக ஊர் திரும்பிய வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி தன் பையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தால் மரத்தலை மட்டைகளையெல்லாம் கரையான் தின்று தீர்த்திருந்தது. தட்டினால் மாவாகக் கொட்டியது. மிஞ்சியது இரும்பு மட்டைகள் மட்டும். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற மேட்டை டீ என்பார்கள். அங்கே எல்லாரும் எடுப்பது டிரைவர் என்கிற பெரிய மரத்தலை மட்டையை. என்னிடம் அது இல்லை. இருந்ததில் நீளமானது டூ அயர்ன், அதாவது இரண்டாம் நம்பர் இரும்பு. கத்தி மாதிரி மெல்லிய தலை, சாய்வு அதிகமில்லாத முகம். நட்டநடுவில் பட்டால் ஒழிய, முழங்கை வரைக்கும் விண்ணென்று தெறிக்கும். ஆண்பிள்ளைகளே அதைத் தொடப் பயப்படுவார்கள். எனக்கு வேறு வழியில்லை, அதனால் பயமும் இல்லை.

முதல் ஆறு மாதம் பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை. நான் அதைத் தூக்கப் பார்த்தேன். தூக்கப் பார்க்கப் பார்க்க அது மண்ணைக் கவ்வியது. ஒருநாள் ஸ்கூலில் யாரோடோ சண்டை போட்டுவிட்டு அலுப்போடு வந்தேன். எழும்பினால் எழும்பட்டும், எழும்பாவிட்டால் போகட்டும் என்று நிதானமாக, பந்து அங்கே இருப்பதையே மறந்த மாதிரி வீசினேன். கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து ஆள் உயரத்துக்குக் கிளம்பி, தூரத்தில் விழுந்து, அங்கிருந்து கீரிப்பிள்ளை மாதிரி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்குகிற வேலை இரும்பினுடையது, என்னுடையது இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பத்துக்கு எட்டு நேராகப் போகும்.

என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் டிரைவர் பக்தர். பந்து உயரப் போனால்தான் அவருக்கு அது அடி. வராந்தாவில் டீ குடித்துக்கொண்டே விளக்குவார்.

“இந்தக் கோணத்துல போற பந்துதான் அதிக தூரம் போகும். இது என் அபிப்பிராயம் இல்ல, பௌதிகம். டீயில போய் இரும்பை எடுக்கிறது, கல்யாண விருந்துல உட்கார்ந்துகிட்டு பழைய சோறு கேட்கிற மாதிரி.”

எல்லாரும் சிரிப்பார்கள். “மிஸஸ் பந்தை அடிக்கல, பெருக்குறாங்க” என்று வக்கீல் ஒருவர் சொல்வார். அதற்கும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். பௌதிகத்தில் காற்று இல்லை, எங்கள் ஊரில் இருக்கிறதே என்று எனக்கு வாய் வரை வரும். தரை இளகியிருந்தால் உயரப் போன பந்து ஜெயிக்கும், எங்கள் செங்கல் தரையில் ஓடுகிற பந்துதான் ஜெயிக்கும் என்றும் சொல்லத் தோன்றும். சபையில் புருஷனை மறுத்துப் பேசக் கூடாதென்று என்னை வளர்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் பேசுவேன். அவர் அதற்குள் பேப்பரைப் பிரித்திருப்பார்.

எனக்கு வேண்டியது பெரிய புகழுரை இல்லை. அந்த வராந்தாக் கூட்டத்துக்கு முன்னால், “நீ அடிக்கிறது சரிதான்” என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் வர வேண்டும். ஏழு வருடம் காத்திருந்தேன். வெளியில் சொன்னால் சிறுபிள்ளைத்தனம். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்து மைதானத்துக்குப் போகிற வழியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு போவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பந்துப் பஞ்சம் வந்தது. வெளிநாட்டுச் சாமான் வரவு நின்றுபோய், கோல்ஃப் பந்து கண்ணில் காண்பதே அபூர்வமாகிவிட்டது. பினாங்கிலிருந்து யாருக்காவது சொந்தக்காரர் வருகிறார் என்றால் சேலையோ சென்ட்டோ கேட்க மாட்டோம், பந்து கேட்போம். வெட்டுப்பட்ட பந்தை என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வாங்கிய வெள்ளை எனாமலைப் பூசிக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பார். ஒரு பந்து முள்ளுக்குள் போனால் அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடித் தேடுவோம். கருவேல முள் கிழித்த கையோடு திங்கட்கிழமை போர்டில் எழுதியிருக்கிறேன். இப்படிப்பட்ட காலத்திலும் டிரைவரை எடுத்து மேகத்துக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் பந்து தொலைந்ததே இல்லை. அதையும் யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தம்பதி கோப்பை என்று ஒன்று ஆடி மாதத்தில் நடக்கும். புருஷனும் மனைவியும் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருத்தர் அடித்துக் கெடுத்ததை மற்றவர் சரிசெய்ய வேண்டும் என்பதால், கோப்பையைவிடச் சண்டைதான் அதிகம் கிடைக்கும் என்று பேர் வாங்கிய ஆட்டம். அதில் ஒரு விதி உண்டு. முதல் குழியின் டீயில் யார் அடித்தார்களோ, அவர்களுக்குத்தான் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. மற்றவருக்கு இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. முறை மாறி அடித்தால் அந்தக் குழி எதிராளிக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் ஒற்றைப்படை அவருக்குத்தான். அதற்குக் காரணம் பௌதிகம் இல்லை. ஒன்றாவது டீயும் ஒன்பதாவது டீயும் வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரியும். நடுவில் உள்ளவை தெரியாது. என் இரும்பை அவர் யார் கண்ணிலும் படாத குழிகளில் ஒளித்துவைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டோம். எதிர் ஜோடி ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் மாமா நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கீற்றோடுதான் ஆடுவார். குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டுவதற்கு முன்பும் “ரங்கா” என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வார். மாமி அதிகம் பேச மாட்டார், ஆனால் ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. என் வீட்டுக்காரர் ஒரு வாரமாக விதிப் புத்தகத்தை ஜெபப் புத்தகம் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் நடுத் தட்டைக் காலிசெய்து துடைத்தும் வைத்துவிட்டார், கோப்பைக்கு. அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அந்தத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு அம்மியைத் தவிர எல்லாம் பறந்தது. நான் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, அதற்கும் மேல் ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தேன். ஒற்றைப்படைக் குழிகளில் அவர் டிரைவரால் உயர அடிக்க, காற்று அதை வாங்கிக் கொண்டுபோய் வலதுபக்கம் போட்டது. இரட்டைப்படைக் குழிகளில் நான் என் இரும்பால் இடுப்பு உயரத்துக்கு அடிக்க, அது காற்றுக்கு அடியில் நுழைந்து ஓடியது. ஒன்று போனால் ஒன்று வந்தது. ஏழாவதில் அவர் அடித்த பந்து கருவேலங்காட்டுக்குள் போனது. ஐந்து நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை. அது பினாங்குப் பந்து. அவருக்குக் காது சிவந்திருந்தது. எட்டாவதில் என் அடி நடுவாகப் போய், அந்தக் குழியை நாங்கள் எடுத்தோம். இரண்டு ஜோடியும் சமம்.

ஒன்பதாவது டீ கொஞ்சம் மேடு. அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். பிள்ளையார் கோயில் உச்சியைப் பார்த்து அடித்தால் பந்து நேராகப் போகும் என்று எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கும் ஒரு கணக்கு. ஆனால் வழியில் குறுக்கே வாய்க்கால். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்திருந்தது, கரை தளும்ப ஓடியது. அதைத் தாண்டி அடிப்பதுதான் என் வீட்டுக்காரரின் வாழ்நாள் ஆசை. காற்றில்லாத நாளிலேயே இரண்டு தடவைதான் தாண்டியிருக்கிறார். வராந்தாவில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாவதை எடுத்தது நாங்கள் என்பதால் நாங்கள்தான் முதலில் அடிக்க வேண்டும். அவர் டீயோரம் இருந்த வாளியிலிருந்து ஒரு சிட்டிகை ஈர மணலை எடுத்துக் குவித்து, அதன்மேல் பந்தை வைத்தார். எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல பந்து. காற்று அதைத் தள்ளியது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீ அடி.”

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். “என்னங்க?”

“உன் இரும்பை எடுத்து நீ அடி. இந்தக் காத்துக்கு அதுதான் சரி. இத்தனை நாளா நீ சொன்னதுதான் சரி.”

சத்தமாகத்தான் சொன்னார், காற்றில் கேட்க வேண்டுமே. டாக்டருக்கும் மாமிக்கும் கேட்டது. வராந்தாவில் முன்வரிசைக்கும் கேட்டிருக்கும். ஏழு வருடம் நான் எதிர்பார்த்திருந்த வார்த்தை, எதிர்பார்த்ததைவிட இரண்டு வாக்கியம் அதிகமாகவே வந்துவிட்டது.

ஒன்பது ஒற்றைப்படை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், ஒன்பது ஒற்றைப்படை, அது அவர் முறை. அவர் மறந்துவிட்டார். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர், காற்றையும் தண்ணீரையும் தொலைந்த பந்தையும் நினைத்துக்கொண்டு முறையை மறந்துவிட்டார். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரும்பை அவர் கையில் கொடுத்து, “முறை உங்களோடதுங்க, இதால அடிங்க” என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் மட்டையை மற்றவர் வாங்கி அடிக்கலாம், தப்பில்லை.

சொல்லவில்லை. சொன்னால் அவர் சுதாரித்துக்கொள்வார், பழையபடி டிரைவரை எடுப்பார், சொன்ன வார்த்தையையும் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று பட்டது. அதைவிடக் கேவலமான காரணம் ஒன்றும் உண்டு. அந்த டீயில், அத்தனை பேர் பார்க்க, நான் அடிக்க வேண்டும் என்று இருந்தது. அலமாரியில் துடைத்து வைத்த தட்டு கண்முன் வந்தது. வரட்டும் என்று பந்தைப் பார்த்தேன்.

காலை அகட்டி நின்று, மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினேன். கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து முழங்கால் உயரத்தில் கிளம்பி, காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி போய், மலைக்கோட்டைக்கு நேராகத் தரையைத் தொட்டு ஓடியது. வாய்க்கால் கரைக்கு நாலு எட்டு இருக்கும்போது நின்றது. வராந்தாவில் யாரோ கை தட்டினார்கள். அந்த வக்கீல்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். என் ஆயுளில் அதைவிட நல்ல அடி நான் அடித்ததில்லை.

டாக்டர் மாமா டிரைவரால் அடித்தார். பந்து ஏறியது, நின்றது, வாய்க்காலுக்குள் இறங்கியது. ரங்கா என்று சொல்லக்கூட நேரமில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் பந்தை வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் கிரீனுக்கு அனுப்பினார். நான் குழிக்குப் பக்கத்தில் தட்டிவிட, அவர் உள்ளே போட்டார். ஜெயித்தாயிற்று. தொப்பியைக் கழற்றி மேலே வீசினார், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது மாமி மெல்ல ஆரம்பித்தார்.

“சொல்லப்படாதுன்னுதான் பார்த்தேன். ஆனா ஆட்டம்னா ஆட்டம்தானே. ஒன்பதாவது டீ உங்காத்துக்காரர்னா அடிச்சிருக்கணும்? முறை மாறிடுத்தே.”

டாக்டர், “போனாப் போறது, விடேன்” என்றார். மாமி விடவில்லை. என் பக்கம் திரும்பி, “நீங்க கணக்கு டீச்சராச்சே” என்றார். கேள்வியாகவும் இல்லை, குற்றமாகவும் இல்லை. நான் புடவைக் கரையில் இருந்த ஆயில் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். ஒன்று, மூன்று, ஐந்து. எண்ணி முடித்து, முகம் சுண்டி, டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “என் தப்புதான். நான்தான் அடிக்கச் சொன்னேன். அவங்க மேல ஒண்ணும் இல்ல.” வராந்தாவிலும் போய் எல்லாரிடமும் அதையே சொன்னார். கோப்பை ஸ்ரீரங்கத்துக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். “உன்னோட அவ்வளவு நல்ல ஷாட்டை வீணாக்கிட்டேனே” என்று அதற்குத்தான் வருத்தப்பட்டார். பரவாயில்லைங்க என்றேன். பெருந்தன்மை மாதிரி அது ஒலித்தது. அலமாரியின் நடுத் தட்டில் இரண்டு மாதம் கழித்து அவரே அகராதியைக் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகு காற்றடிக்கிற நாளில் அவரே என் பையிலிருந்து டூ அயர்னை உருவிக்கொள்வார். பழைய சோறு பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும், ஞானஸ்நான விருந்தானாலும் கிறிஸ்துமஸானாலும், அந்தக் கதையைச் சொல்லி, “என் மறதியால இவளுக்குக் கிடைக்க வேண்டிய கோப்பை போச்சு” என்று முடிப்பார். நாற்பது வருடம் சொன்னார். நான் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது, அவருக்குத் தெரியாமல் இதை அச்சில் போடுவது நியாயமில்லை என்று பட்டது. போன வாரம் காலை டிபன் முடிந்ததும் சொன்னேன். எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துதான் அடித்தேன் என்றேன். அவருக்கு எண்பது ஆகிறது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். கோபம் வந்தால் இன்றைக்கும் அவருக்குக் காதுதான் சிவக்கும்.

“நாற்பது வருஷம் என்னை மன்னிப்புக் கேட்க வெச்சியே!”

“ஆமாங்க.”

“கோப்பை எனக்கு எவ்வளவு வேணும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

இரண்டு நாள் பேசவில்லை. காபியை மட்டும் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார், அது இன்னும் மோசம். மூன்றாம் நாள் மத்தியானம் பேப்பரை மடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவா?”

ஆமாம் என்றேன்.

“கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேனே” என்றார். நிஜமாகவே புரியாமல்தான் சொன்னார், பாவம். கேட்டு வாங்கியிருந்தால் எனக்கு அது எதற்கு?